பொறுங்க, எழும்பிருவான்

எனக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனாலும் இருபத்தைந்து வயதுக்குள் ஏழெட்டு இங்கிலிஷ் உளவுப் படங்களின் கதையை முன்னுக்குப் பின் பிசகாமல் சொல்லக்கூடியவனாக இருந்தேன். அத்தனையும் பொய்க் கதை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பொய்களை எனக்கும், மாத்தளை தியேட்டரின் கேலரியில் என்னோடு இருந்த சனத்துக்கும் சொன்னவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேர் வேண்டாம். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கதைக்காரர் என்பார்கள், கோட்டுக்காரர் என்பார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எல்கடுவையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறந்து, ஒரு சாக்குப் பையோடு டவுனுக்கு இறங்கியவன். இன்றைக்கு இந்த ஜில்லாவில் மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று எங்கே பேச்சு எழும்பினாலும் என் கடையைத் தொடாமல் பேச்சு முடியாது. மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவேன். உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லுகிறவன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் கதைக்காரரால் வந்தது என்றும் சொல்லலாம். அவரைப் போல் ஆகிவிடக் கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில் சம்பாதித்தது அது.

டவுனுக்கு வந்த புதிதில் எனக்குத் தியேட்டரில் கேலரி வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. அவருக்கு ரயிலில் வரும் படப்பெட்டிகளை ஸ்டேசனிலிருந்து தூக்கி வருவதும், ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுவதும் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நல்ல உயரம். ஏதோ ஒரு தோட்டத்துக் கிளாக்கர் போட்டுக் கழித்த கறுப்புக் கோட்டு ஒன்றை எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார். அதன் கைகளில் போஸ்டர் பசை வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருக்கும். வேட்டி கட்டி அவரை ஒருவரும் பார்த்ததில்லை. கோயில் தேருக்குக்கூட அந்தக் காற்சட்டையும் கோட்டும்தான். உளவு பார்க்கிறவன் வேட்டி கட்டினால் ஓட முடியுமா என்று கேட்பார்.

உளவுப் படம் என்றால் அந்த ஒரே உளவாளியின் படங்கள்தான். ஆள் அதே ஆள், நடிக்கிறவர் மட்டும் சில வருசத்துக்கு ஒருமுறை மாறுவார். படம் இங்கிலிஷில் பேசும். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடும். தோட்டங்களிலிருந்து சம்பள வாரத்தில் இறங்கி வரும் எங்கள் சனத்துக்கு அதுவும் ஆகாது, இதுவும் ஆகாது. அதனால் கதைக்காரர் கேலரிச் சுவரோரமாக நின்று, திரையைக் கையால் காட்டிக் காட்டி, உரத்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். முதலாளி முதலில் இரண்டு தடவை அவரைப் பிடித்து வெளியே தள்ளினார். கேலரி காலியானதும் அவரே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர் சொல்லும் கதையில் உளவாளிக்கு வேலை கொடுக்கும் கிழவர் பெரிய தொரை. புதுப்புது ஆயுதங்கள் கொடுக்கிறவர் ஸ்டோர் கிளாக்கர். வில்லன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் கடைசியில் உளவாளிக்குத் தூரத்து மச்சான் முறையாகிவிடுவான். அக்காளைக் கட்டிக் கொடுத்த இடத்தில் வந்த மனஸ்தாபம், அதனால்தான் துவக்கும் குண்டுமாகத் திரிகிறான் என்று காரணம் சொல்லுவார். காரணம் இல்லாமல் ஒருவன் இன்னொருவனை அடிப்பதை அவரால் ஏற்கவே முடியாது. ஒருநாள் பால்கனியிலிருந்து இறங்கி வந்த ஓர் இங்கிலிஷ் வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இவன் சொல்கிற ஒரு வார்த்தைகூடப் படத்தில் இல்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கேலரி சனம் அவரைத்தான் முறைத்தது.

அது இருக்கட்டும். அவருடைய முக்கியமான குணம் வேறு. அவர் கதையில் யாரும் சாக மாட்டார்கள்.

குண்டு பாய்ந்து விழுந்தால் மயக்கம். பாலத்திலிருந்து விழுந்தால் கீழே வலை கட்டியிருக்கிறார்கள். உளவாளி அடிபட்டு விழும்போது கேலரியே மூச்சை அடக்கும். பின்வரிசையில் பொம்பளைகள் விசும்பத் தொடங்குவார்கள். அப்போது அவர் குரலைத் தணித்து, “பொறுங்க, எழும்பிருவான்” என்பார். அந்தப் படங்களில் எழும்பியும் விடுவான். அதனால் சனம் அவரை நம்பியது. ஒரு படத்தில் உளவாளியின் கூட்டாளி உண்மையாகவே செத்துப்போனான். பெட்டியில் வைத்துக் குழியில் இறக்குவதைக்கூடக் காட்டினார்கள். இவர் அசரவில்லை, பெட்டிக்குள் இருப்பது எதிரியை ஏமாற்ற வைத்த கல் என்றார். அடுத்த வருசம் அடுத்த படம் வந்தபோது ஒரு கிழவர் விடாமல், அந்தக் கூட்டாளிப் பையன் எங்கே என்று கேட்டார். இவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, அவனுக்கு இந்தியா பாஸ் வந்துவிட்டது, குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டான் என்றார்.

அது லயம் லயமாக எங்கள் சனத்தை இந்தியாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம். போனவர்கள் பலர் ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. கிழவர், அப்படியா, அப்ப சரி என்று தலையாட்டினார். நானும் வாசலில் நின்றபடி நம்பினேன். எவ்வளவு நல்ல மனம் இவருக்கு என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு விலை பிறகு கொடுத்தேன்.

ஒரு வியாழக்கிழமை, பகல் காட்சி. என்னைத் தேடி எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் வந்திருக்கிறார். நான் உள்ளே இருந்தேன். தேத்தண்ணீர்க் கடையில் நின்ற கதைக்காரரிடம், இன்னாருடைய அம்மா தவறிட்டா, நாளைக்கு அடக்கம், உடனே வரச்சொல்லுங்க என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். கதைக்காரர் உள்ளே வந்தார். நான் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டு நின்றேனாம். என் தோளில் கை வைத்தார்.

“அம்மாவுக்குக் கொஞ்சம் மேலுக்கு முடியலையாம் தம்பி. பயப்பட ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை நான் அரை ராத்தல் திராட்சையும் ஒரு பாண் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். லயத்து வாசலில் அக்காள் உட்கார்ந்திருந்தாள். என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். இப்ப எதுக்குடா வந்த என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது வருசம் என்னோடு பேசவில்லை. டவுன் வேலை பெரிதாகிவிட்டது, பெத்தவள் சிறிதாகிவிட்டாள் என்று தோட்டமே பேசியது. தேயிலை மலைக்குக் கீழே, ஈரம் காயாத மண்மேட்டில் அந்தத் திராட்சையை வைத்துவிட்டு வந்தேன்.

சேதி கொண்டுவந்தவர்தான் கோட்டுக்காரரிடம் சொன்னதைச் சொன்னார். நான் அன்றைக்கே இறங்கி வந்து, தியேட்டர் வாசலில் வைத்து அவர் கழுத்தைக் கோட்டோடு சேர்த்துப் பிடித்தேன். நாலு பேர் விலக்கினார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்ல வாய் வரல தம்பி. நீங்க சிரிச்சுக்கிட்டு நின்னீங்க” என்றார்.

அந்த வாரமே தியேட்டர் வேலையை விட்டேன். மிளகுக் கடையில் மூட்டை தூக்கப் போனேன். அங்கேயிருந்து எழும்பி இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு வந்தது பெரிய கதை, அதை என் பிள்ளைகள் சொல்லட்டும். கதைக்காரரோடு நான் பேச்சை விட்டேன். அவர் விடவில்லை. கடைவீதியில் என்னைக் கண்டால் நின்று கும்பிடுவார். தம்பி என்றவர் மொதலாளி என்று கூப்பிடத் தொடங்கினார். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

உளவாளியாக இன்னொரு புது நடிகர் வந்தார். அவருடைய முதல் படம்தான் எங்கள் தியேட்டரில் கதைக்காரர் சொன்ன கடைசிக் கதை. அதோடு தியேட்டரை மூடி, கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடையாக்கினார்கள். அந்த நடிகரை அவர் ‘நம்ம பையன்’ என்றே சொல்லுவாராம். பிறகு கதைக்காரருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறி, சீனி வருத்தம் வந்து, கண் இரண்டும் போயிற்று. டவுனுக்கு வெளியே மகள் வீட்டில் இருந்தார். ஒரே மகன் வெளிநாட்டில் லொறி ஓட்டினான். வெள்ளிக்கிழமை தோறும் அங்கேயிருந்து போன் எடுத்துப் பேசுவான்.

அந்த மகன் செத்துப்போனான். வேலை செய்த இடத்தில் விபத்து. அம்மன் கோயில் தேருக்கு முந்தின வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. தகப்பனுக்குத் தெரியக் கூடாதென்று அதை டவுனுக்கே கொண்டுவராமல், ரத்தோட்டையில் மருமகள் வீட்டுப் பக்கம் கொண்டுபோய் அடக்கம் பண்ணினார்கள். ஊரில் ஒரு சாவுக்கு நான் போகாமல் இருப்பதில்லை. அம்மா சாவுக்குப் போகாதவன், மற்ற எல்லாச் சாவுக்கும் போய்விடுகிறேன். இதற்கும் போனேன்.

ஒரு மாதம் கழித்து மகள் என் கடைக்கு வந்தாள். சாதிக்காய் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்காதபடி, என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினாள். அந்த உளவுப் படத்தில் இப்போதைய நடிகருக்கு இது கடைசிப் படமாம், இனி நடிக்க மாட்டாராம், கண்டியில் ஓடுகிறதாம். அப்பா ரேடியோவில் கேட்டுவிட்டு, போயே ஆக வேண்டும் என்று சாப்பிடாமல் இருக்கிறாராம். கண் தெரியாதவருக்கு என்ன படம் என்று கேட்டேன்.

“யாராச்சும் பக்கத்துல இருந்து கத சொல்லணுமாம் மாமா. உங்ககூடத்தான் போவாராம். மத்தவங்க மாத்திச் சொல்லுவாங்களாம், நீங்க உள்ளத உள்ளபடி சொல்லுவீங்களாம்.”

இதைக் கேட்டு எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. நாற்பது வருசத்துக்கு மேல் கழித்து, அந்த மனிதர் வாயாலேயே ஒப்புக்கொண்டாரே என்று. போவதற்கு முன் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். தம்பி விசயம் மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது, இதயம் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், நாங்கள் அவன் போன் எடுக்கிறான் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றாள். நான் வாக்குக் கொடுத்தேன். பொய் சொல்லத் தேவையில்லையே, பேசாமல் இருந்தால் போதுமே என்று நினைத்தேன்.

என் வேனில் கூட்டிப்போனேன். அந்தக் கோட்டு நூல் நூலாகப் போயிருந்தது, அதைத்தான் போட்டிருந்தார். காலைக் காட்சி, கூட்டமில்லை. படம் தொடங்கியது. நான் கண்டதைச் சொன்னேன். கார் போகுது, பின்னால இன்னொரு கார் வருது, அடிக்கிறான் என்று. யாரு அடிக்கிறான், எதுக்கு அடிக்கிறான் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். “காரணம் இல்லாம அடிப்பானா? மச்சான் மொறையா இருக்கும், நல்லாப் பாருங்க” என்றார். முன் வரிசையில் இருந்த ஒரு சோடி திரும்பிப் பார்த்தது.

நடிகருக்கு வயது போயிருந்தது. படி ஏறும்போது மூச்சு வாங்கினார். அதையும் சொன்னேன். கதைக்காரர் சிரித்தார். அவனுக்கும் சீனி இருக்கும் என்றார்.

கடைசியில் ஓர் அணைக்கட்டு. வில்லன் கதவைத் திறந்துவிட்டான். தண்ணீர் பாய்ந்தால் கீழே ஊரே போகும். உளவாளி தன் ஆட்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, தனியாக நின்று கதவின் சக்கரத்தைத் திருப்பி மூடினான். மூடி முடிப்பதற்குள் தண்ணீர் அவனை அடித்துக்கொண்டு போயிற்று. திரையில் தண்ணீர் மட்டும்தான். தியேட்டரில் இருந்த பத்திருபது பேரும் மூச்சை அடக்கினார்கள்.

“எழும்பினானா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். “பொறுங்க, எழும்பிருவான்” என்றார். நானும் பொறுத்தேன். உண்மையைச் சொன்னால், எழும்பிவிட்டால் நல்லது என்று எனக்குமே இருந்தது. பாட்டு வந்தது. பேர்கள் ஓடின. லைட் போட்டார்கள். கூட்டுகிறவள் விளக்குமாற்றோடு வந்து, நாங்கள் எழும்பட்டும் என்று நின்றாள்.

அந்த இடத்தில் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்தது. அரை ராத்தல் திராட்சை ஞாபகம் வந்தது. சொல்லவே கூடாத வார்த்தை இவருக்கு எது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான், ஒவ்வொரு எழுத்தாக, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன்.

“செத்துட்டான் அண்ணே. எழும்பல. செத்தே போயிட்டான்.”

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“உங்க வாயால கேக்கத்தான் வந்தேன் தம்பி. இப்ப எம்மவன் சங்கதியச் சொல்லுங்க.”

எந்தச் சங்கதி என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“அப்பிடிப் பேசாதீங்க, உங்களுக்கு அது வராது. முப்பது வருசம் கேலரியில நின்னவன் நான். சனம் எப்ப மூச்ச அடக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒரு மாசமா நான் போற எடமெல்லாம் மூச்சடக்குறாங்க. யாரும் சொல்ல மாட்டாங்க. எம்மேல கோவம் உள்ள ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

மகளுக்குக் கொடுத்த வாக்கு அங்கேயே போயிற்று. சொன்னேன். எப்போது என்று கேட்டார், தேருக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்றேன். எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டார், ரத்தோட்டையில் என்றேன். மழையா என்று கேட்டார். தூறல் என்றேன். நீங்கள் போனீர்களா, மண் போட்டீர்களா என்று கேட்டார். போட்டேன் என்றேன். எந்தக் கை என்று கேட்டு, என் வலது கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். கூட்டுகிறவள் எங்கள் வரிசையை விட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அப்போது சொன்னார். “உங்கம்மா அடக்கத்துக்கு நான் போயிருந்தேன் தம்பி. வெள்ளிக்கெழம. உங்களுக்குப் பதிலா ஒரு புடி மண்ணு போட்டேன்.”

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். “எங்க, நீங்க கழுத்தப் புடிச்சிருந்தீங்களே” என்றார்.

வேனில் மாத்தளைக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் மகள் என் முகத்தையே பார்த்தாள். நான் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். படம் எப்படிப்பா, கடைசியில் அந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்க, அவர் படியைக் காலால் தேடியபடியே, “தண்ணியில விழுந்தான். எழும்பிட்டான்” என்றார். தம்பி போன் எடுத்தானா என்றும் கேட்டார். எடுத்தான்பா, உங்கள விசாரிச்சான் என்றாள். சந்தோசமாகத் தலையாட்டினார்.

இப்படியே நாலு மாதம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பாராம், இவள் சொல்லுவாளாம். அது பொய் என்று அவருக்கும் தெரியும் என்பது, அவரைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். சாவு வீட்டில் மகள் என்னிடம், நல்லவேளை, தம்பி போனது தெரியாமலே போயிட்டாரு மாமா என்றாள். உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லுகிறவன் நான். ஆமாம் என்றேன்.

அவர் எனக்குச் சொன்னது மட்டும் உள்ளே கிடந்து அரித்தது. உண்மையாகவே எல்கடுவைக்குப் போனாரா, அல்லது கேலரிக் கதையா? வெள்ளிக்கிழமை படம் மாறும் நாள், விடியவே போஸ்டர் ஒட்டப் போய்விடுவார். அந்த வெள்ளிக்கிழமை அவரைத் தியேட்டரில் கண்டேனா இல்லையா, எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கேட்கலாம் என்றால் அக்காளும் இல்லை. சேதி கொண்டுவந்தவரும் இல்லை. அம்மாவுக்குக் குழி வெட்டியவர்களில் ஒருவர் மட்டும் இன்னும் லயத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, போன மாதம் மலை ஏறினேன்.

காது மந்தமாகிவிட்ட மனிதர். வெயிலில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். நான் யார் மகன் என்று சொன்னதும் கண் கலங்கினார். அம்மா அடக்கத்துக்கு டவுனிலிருந்து ஒருவர் வந்தாரா என்று கேட்டேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வந்தாரு, வந்தாரு” என்றார்.

என் நெஞ்சு லேசாகியது. ஆனால் நான் வியாபாரி. சரக்கைச் சோதிக்காமல் எடுத்துப் பழக்கமில்லை. கோட்டைப் பற்றி வாய் திறக்காமல், உயரமான ஆள், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருப்பாரே என்றேன்.

“ஆமாங்க, வெள்ள வேட்டி. அழுதாரு பாவம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் இன்னும் சொல்லுவார்.